சிறு பாய்மரப் படகில் எஞ்சின், புரொப்பெல்லர் அதிர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அதிர்வைத் தேடிப் புறப்படுபவர்கள் பெரும்பாலும் ஸ்பேனரோடு புறப்படுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். அதிர்வு எப்போதும் ஏதாவது ஒன்றோடு சேர்ந்தே ஓடும்: எஞ்சினின் வேகத்தோடு, புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட்டின் வேகத்தோடு, அல்லது படகின் ஓட்டத்தோடு. எதோடு ஓடுகிறது என்று தெரியும்வரை ஒரு நட்டைக்கூடத் தளர்த்த வேண்டாம். கீழே உள்ள பதில்கள் சிறிய டீசல் எஞ்சினும் ஷாஃப்ட்டும் கொண்ட படகுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. செயில்டிரைவ் (நீண்ட ஷாஃப்ட்டுக்குப் பதில் படகின் அடித்துளை வழியே நீரில் இறங்கும் கால்), அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்புறம் வெளியே மாட்டுவது) பற்றித் தனியே ஒரு கேள்வி உண்டு.

எஞ்சின் என்றால் அதிரத்தானே செய்யும்? எது இயல்பு, எது கோளாறு?

ஒரு சிலிண்டர், இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின்கள் ஐட்லிங்கில் குலுங்கத்தான் செய்யும். ஸ்டார்ட் ஆகும்போதும் நிற்கும்போதும் ஓரிரு வினாடி பெரிதாக உதறுவதும் இயல்பே. ரப்பர் மவுன்ட்டுகள் மேல் அமர்ந்திருக்கும் எஞ்சினுக்கு இயற்கையான அதிர்வெண் ஒன்று உண்டு. வேகம் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த எண்ணைக் கடந்துதான் போக வேண்டும். கடக்கும் நொடியில் உதறுகிறது.

கோளாறின் அடையாளம் மாற்றம். போன மாதம் அசையாத தம்ளர் இந்த மாதம் மேசைமேல் நடக்கிறது, சுக்கான் பிடியில் புதிதாக ஒரு நடுக்கம் தெரிகிறது என்றால் கவனிக்க வேண்டும். ஆகவே படகு நல்ல நிலையில் இருக்கும்போதே ஒரு குறிப்பு எழுதி வையுங்கள்: எந்த ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) என்ன வேகம், முழு விசையில் எஞ்சின் எத்தனை ஆர்.பி.எம். எட்டுகிறது, எங்கே லேசாக அதிர்கிறது. இந்த ஒரு பக்கம் பிற்பாடு எந்தக் கருவியையும்விட அதிகம் உதவும்.

என்னிடம் கருவி எதுவும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஐந்து சோதனைகள் போதும். வரிசை மாறாமல் செய்யுங்கள்.

முதலில் படகைக் கட்டிய நிலையில், நியூட்ரலில், ஐட்லிங்கிலிருந்து 2,000 ஆர்.பி.எம். வரை மெதுவாக ஏற்றுங்கள். இங்கேயே நீங்கள் தேடும் அதிர்வு வந்துவிட்டால் ஷாஃப்ட்டையும் புரொப்பெல்லரையும் மறந்துவிடலாம். எஞ்சின், மவுன்ட், எஞ்சின் படுக்கை ஆகிய மூன்றில் ஒன்று.

இரண்டாவதாக, கயிறுகளை இரட்டிப்பாகக் கட்டிவிட்டு முன்கியர் போடுங்கள். மூன்றாவதாகப் பின்கியர். முன்கியரில் ஷாஃப்ட் எஞ்சினை முன்னால் தள்ளுகிறது, பின்கியரில் இழுக்கிறது. ஒரு திசையில் மட்டும் கடுமையாக அதிர்ந்தால் தளர்ந்த மவுன்ட்டையோ எஞ்சினையும் ஷாஃப்ட்டையும் ஒரே கோட்டில் இணைக்க வேண்டிய, ஆனால் நேர்மட்டம் தவறிய கப்ளிங்கையோ முதலில் சந்தேகியுங்கள். ஆனால் பின்கியரில் புரொப்பெல்லர் வாரியடிக்கும் நீர் படகின் அடியிலேயே மோதுவதால் கொஞ்சம் கூடுதலாக அதிர்வது எல்லாப் படகுக்கும் உண்டு.

நான்காவது, திறந்த நீரில் வழக்கமான வேகத்தில் ஓட்டிப் பார்ப்பது. கட்டிய படகில் இருந்த அதிர்வு ஓடும்போது குறைந்தால் பெரிய கவலை வேண்டாம். நின்ற இடத்தில் புரொப்பெல்லர் சுமை எப்போதும் அதிகம்.

ஐந்தாவதுதான் பாய்மரப் படகுக்கே வாய்த்த வரம். பாய் ஏற்றி, எஞ்சினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் விட்டு நல்ல காற்றில் ஓடுங்கள். நீரோட்டத்தில் புரொப்பெல்லர் தானே சுழலும். இப்போதும் அதிர்வு இருந்தால் எஞ்சின் குற்றவாளி அல்ல. ஷாஃப்ட்டைச் சுழலவிடாமல் பிடித்ததும் அதிர்வு நின்றுவிட்டால் சுழலும் பாகங்களில் கோளாறு என்பது உறுதி. பிடித்த பிறகும் நடுக்கம் தொடர்ந்தால் சுக்கானையும் ஏராக்கட்டையையும் (படகின் அடியில் நீளவாக்கில் இறங்கும் கீல்) பாருங்கள். எல்லா கியர்பாக்ஸும் நீண்ட நேரம் இப்படிச் சுழல்வதைத் தாங்காது. கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். மடங்கும் வகைப் புரொப்பெல்லர் மூடிக்கொள்ளும் என்பதால் அதற்கு இந்தச் சோதனை பொருந்தாது.

கைபேசியால் அதிர்வை அளக்க முடியுமா?

முடியும். கைபேசியில் உள்ள முடுக்கமானியைப் படித்து அதிர்வெண்ணைக் காட்டும் செயலிகள் இருக்கின்றன. எஞ்சின் படுக்கைமேல் கைபேசியை உறுதியாகப் பிடித்துவைத்து, அதிர்வு அதிகமாக இருக்கும் வேகத்தில் அளந்துகொள்ளுங்கள். பிறகு கணக்கு.

எஞ்சின் 2,400 ஆர்.பி.எம்., கியர் விகிதம் 2.5:1 என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் வினாடிக்கு 40 சுற்று. ஷாஃப்ட் 960 ஆர்.பி.எம்., வினாடிக்கு 16 சுற்று. ஆகவே 16 ஹெர்ட்ஸில் உச்சம் தெரிந்தால் ஷாஃப்ட் வளைவு, புரொப்பெல்லர் எடைச் சமனின்மை அல்லது ஓர் இறக்கை மட்டும் கெட்டிருப்பது. இரண்டு இறக்கைப் புரொப்பெல்லரில் 32, மூன்று இறக்கையில் 48 ஹெர்ட்ஸ் வந்தால் ஒவ்வோர் இறக்கையும் ஏதோ ஒன்றைக் கடக்கும்போது அடி வாங்குகிறது: படகின் அடிப்பகுதிக்கு மிக அருகில் இருக்கலாம், ஏராக்கட்டைக்குப் பின்னால் நீரோட்டம் மந்தமாகும் நிழலில் இருக்கலாம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிகிறது. அதனால் ஒரு சிலிண்டர் வேலை செய்யாவிட்டால் 20 ஹெர்ட்ஸில் குதிக்கும்.

கியர் விகிதம் சரியாக 2:1 என்றால் எச்சரிக்கை. அப்போது ஷாஃப்ட் சுற்றும் செத்த சிலிண்டரின் துடிப்பும் ஒரே எண்ணில் விழும். இறக்கைகளின் எண்ணிக்கையும் சிலிண்டர்களின் எண்ணிக்கையும் சமமானால் அவற்றின் எண்களும் ஒன்றாகிவிடும். அங்கே கைபேசி தீர்ப்புச் சொல்லாது. நியூட்ரல் சோதனைதான் சொல்லும். இன்னொன்று: வினாடிக்கு 100 முறை அளக்கும் கைபேசியால் 50 ஹெர்ட்ஸுக்கு மேல் நம்பும்படி காட்ட முடியாது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று பலமாக அதிர ஆரம்பித்துவிட்டது. என்ன செய்வது?

உடனே விசையைக் குறைத்து நியூட்ரல் போடுங்கள். பத்தில் எட்டுத் தடவை கயிறோ வலைத்துண்டோ பிளாஸ்டிக்கோ சுற்றியிருக்கும் என்பது என் அனுபவம். பாய் ஏற்றவோ நங்கூரம் போடவோ முடிந்தால் அதை முதலில் செய்யுங்கள். பிறகு எஞ்சின் அறையைத் திறந்து, ஷாஃப்ட் படகைவிட்டு வெளியேறும் இடத்தில் நீரைத் தடுக்கும் கிளாண்டில் நீர் வருகிறதா என்று பாருங்கள். அது மற்ற எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி.

நீர் வரவில்லை என்றால் எஞ்சினை நிறுத்தி ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். நன்றாகச் சுற்றினால் ஒரு சில நொடிகள் பின்கியர் போட்டுப் பார்க்கலாம். பிளாஸ்டிக் சில வேளை அவிழ்ந்து போகும். கயிறு என்றால் அப்படிச் செய்ய வேண்டாம், இன்னும் இறுகும். தண்ணீரில் இறங்குவது என்றால் எஞ்சின் நின்று, சாவி கையில் இருந்து, மேலே ஒருவர் காவல் இருந்தால் மட்டுமே. அலை அடிக்கும் கடலில் படகின் பின்புறம் தலைமேல் வந்து விழும். அங்கே இறங்காதீர்கள்.

சில கொட்டலசுகள் (ஓடுள்ள சிறு கடலுயிர்கள்) ஒட்டியிருப்பதால் இவ்வளவு அதிர்வு வருமா?

வரும். புரொப்பெல்லர் இறக்கையின் வடிவம் நுட்பமானது. ஓர் இறக்கையில் நான்கைந்து கொட்டலசுகள் ஒட்டினாலே அது மற்ற இறக்கை அளவுக்குத் தள்ளாது. படகு சில வாரங்கள் ஓடாமல் நின்றிருந்து, வேகம் குறைந்து, எஞ்சின் முழு ஆர்.பி.எம். எட்டாமல், கரும்புகையும் சேர்ந்து வந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். சுரண்டி எடுங்கள். மற்ற உலோகத்துக்குப் பதில் தான் அரிபடுவதற்காக ஷாஃப்ட்டில் பொருத்திய துத்தநாக அனோடையும் அப்போதே தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் கரைந்துபோன அனோடும் தளர்ந்து ஆடும் அனோடும் அதிர்வைக் கொடுக்கும்.

புரொப்பெல்லரில் வேறு என்னென்ன பார்க்க வேண்டும்?

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. படகைக் கரையேற்றிப் பராமரிப்பு முடித்து இறக்கியதும் அதுவரை இல்லாத நடுக்கம். ஒரு பணிமனை மவுன்ட்டுகள் நான்கையும் மாற்றியது. அதிர்வு போகவில்லை. கப்ளிங்கை மாற்றியது. போகவில்லை. மறுமுறை கரையேற்றியபோதுதான் தெரிந்தது: புரொப்பெல்லரைத் திரும்ப மாட்டியபோது போட்ட புதிய கீ (புரொப்பெல்லரையும் ஷாஃப்ட்டையும் சேர்த்துப் பூட்டும் சிறு உலோகக் கட்டை), பள்ளத்தைவிட ஒரு மயிரளவு உயரம். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கூம்பில் உட்காராமல் கீயின் முதுகில் உட்கார்ந்திருந்தது. நட்டு இறுக்கமாகத்தான் இருந்தது, மையம்தான் விலகியிருந்தது.

இதைத் தடுக்க எளிய வழி உண்டு. கீ இல்லாமல் புரொப்பெல்லரைக் கூம்பில் தள்ளி, அது எங்கே நிற்கிறது என்று ஷாஃப்ட்டில் கோடு போடுங்கள். பிறகு கீயோடு மாட்டுங்கள். அதே கோட்டுக்கு வராவிட்டால் கீயைத் தேய்த்துச் சிறிதாக்க வேண்டும். அன்று முதல் நான் யாருடைய கையிலும் இந்த வேலையை மேற்பார்வையில்லாமல் விடுவதில்லை. அதிர்வு தொடங்குவதற்குச் சற்று முன் என்ன வேலை நடந்தது என்ற கேள்வியையும் முதல் கேள்வியாக வைத்துக்கொண்டேன்.

வளைந்த இறக்கையைக் கண்டுபிடிக்க, படகின் அடிப்பகுதியில் ஒரு குச்சியை நிலையாகக் கட்டி, அதன் நுனியை ஓர் இறக்கை விளிம்புக்குத் தொடும் தூரத்தில் வைத்துச் சுற்றுங்கள். மற்ற இறக்கைகளும் அதே இடைவெளியில் கடக்க வேண்டும். பிறகு ஒவ்வோர் இறக்கையையும் மரச்சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். நல்ல வெண்கலம் மணிபோல ஒலிக்கும். மந்தமாக ஒலித்து, சுரண்டிய இடம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் உலோகத்திலிருந்து துத்தநாகம் அரித்துப் போய்விட்டது. அந்த இறக்கை எப்போது வேண்டுமானாலும் உடையலாம்.

மடங்கும் புரொப்பெல்லரில் ஓர் இறக்கை முழுதாகத் திறக்காமல் நிற்பதும், கீல் முள்ளும் பற்களும் தேய்ந்து இறக்கைகள் ஆடுவதும் வழக்கமான நோய்கள். கியர் போட்டதும் அதிர்ந்து, ஒருமுறை விசையைக் கூட்டிக் குறைத்ததும் நின்றுவிட்டால் இதுதான்.

நீண்ட ஏராக்கட்டைக்குப் பின்னால் இரண்டு இறக்கைப் புரொப்பெல்லர் வைத்த படகுகளில் ஒரு துடிப்பு எப்போதும் இருக்கும். இரண்டு இறக்கைகளும் ஒரே நேரத்தில் கட்டையின் நிழலுக்குள் போய் ஒரே நேரத்தில் வெளியே வருகின்றன. அது கோளாறு அல்ல, அமைப்பு. மூன்று இறக்கைக்கு மாறினால் மென்மையாகும்; பாயில் ஓடும்போது கொஞ்சம் வேகம் குறையும். இறக்கை நுனிக்கும் படகின் அடிக்கும் இடையே புரொப்பெல்லர் விட்டத்தில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு இடைவெளி வேண்டும். 400 மி.மீ. புரொப்பெல்லருக்கு 40 மி.மீ., கூடுதலாக இருந்தால் நல்லது.

கட்லெஸ் பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று எப்படி அறிவது?

கட்லெஸ் பேரிங் என்பது புரொப்பெல்லர் அருகே ஷாஃப்ட்டைத் தாங்கும், உள்ளே ரப்பர் வரிப்பள்ளங்கள் கொண்ட குழாய். கடல்நீரே அதற்கு எண்ணெய். கரையேற்றிய படகில் புரொப்பெல்லரைப் பிடித்து மேலும் கீழும், இடமும் வலமும் அசையுங்கள். 25 மி.மீ. ஷாஃப்ட்டில் ஆட்டம் 1 மி.மீ.யைத் தொட்டால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

ஆட்டத்தின் அளவைவிடத் தேய்மானத்தின் முகம் முக்கியம். சுற்றிலும் சீராகத் தேய்ந்திருந்தால் வயது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், அல்லது முன்முனையில் மேலேயும் பின்முனையில் கீழேயும் தேய்ந்திருந்தால், ஷாஃப்ட் கோணல். கோணலைச் சரிசெய்யாமல் புதிய பேரிங் போட்டால் அதுவும் அதே வழியில் போகும். பேரிங்கைத் தாங்கும் பிராக்கெட்டையும் அசைத்துப் பாருங்கள். அது படகோடு சேரும் இடத்தில் மயிரிழை வெடிப்போ ஈரக்கசிவோ தெரிந்தால் முதலில் அதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

எஞ்சினுக்கும் ஷாஃப்ட்டுக்கும் நேர்மட்டம் பார்ப்பது எப்படி?

பலரும் அஞ்சும் வேலை, ஆனால் தேவைப்படுவது ஃபீலர் கேஜும் (சிறு இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) பொறுமையும்தான்.

படகு நீரில் இருக்கும்போது செய்ய வேண்டும். கரையில் தாங்குகட்டைகள்மேல் நிற்கும் படகின் உடல் வேறு வடிவம், நீரில் மிதக்கும்போது வேறு வடிவம். நீரில் இறக்கிய பின் ஓரிரு நாள் பொறுங்கள். பாய்மரத்தைப் பிடிக்கும் கம்பிவடங்கள் வழக்கமான இறுக்கத்தில் இருக்கட்டும். பின்வடத்தை முறுக்கினால் படகின் பின்பாகமே மேல்நோக்கி வளையும், அதோடு கப்ளிங்கும் விலகும். டாங்குகளிலும் வழக்கமான அளவு நீரும் டீசலும் இருக்க வேண்டும்.

கப்ளிங் போல்ட்டுகளைக் கழற்றுவதற்கு முன் ஷாஃப்ட் பின்னால் நழுவாதபடி அதன்மேல் ஓர் உறுதியான கிளிப் போடுங்கள். தளர்ந்த ஷாஃப்ட் வெளியே நழுவிப்போனால் அந்தத் துளை வழியே கடல் உள்ளே வரும். பிறகு கப்ளிங்கின் இரண்டு தட்டுகளையும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கொண்டுவாருங்கள். விடுபட்ட ஷாஃப்ட் தன் எடையால் தொங்கும் என்பதால் கையால் மேலே தூக்கியும் கீழே அழுத்தியும் பார்த்து நடுவிடத்தில் தாங்கு கொடுங்கள். முதலில் தட்டுகளின் ஓரங்கள் சுற்றிலும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்து மேல், கீழ், இடம், வலம் நான்கு இடத்திலும் இடைவெளியை அளந்து எழுதுங்கள். தட்டின் விட்டம் 100 மி.மீ. என்றால் மிக அதிக இடைவெளிக்கும் மிகக் குறைந்த இடைவெளிக்கும் உள்ள வேறுபாடு 0.1 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது ஷாஃப்ட்டை மட்டும் அரைச் சுற்றுச் சுற்றி மறுபடி அளவெடுங்கள். அதிக இடைவெளி அதே இடத்தில் நின்றால் எஞ்சினை நகர்த்த வேண்டும். இடைவெளி ஷாஃப்ட்டோடு சேர்ந்து இடம் மாறினால் எஞ்சினை எவ்வளவு நகர்த்தியும் பயனில்லை. தட்டோ ஷாஃப்ட்டோ வளைந்திருக்கிறது. இந்த அரைச் சுற்றைத் தவிர்த்துவிட்டு நாள் முழுவதும் மவுன்ட் நட்டுகளோடு போராடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நெகிழ்வுக் கப்ளிங் போட்டால் நேர்மட்டம் பார்க்க வேண்டாம் என்கிறார்களே?

தவறு. அது சிறு அதிர்ச்சிகளை உறிஞ்சும், அவ்வளவே. கோணலை மறைத்து வைக்கும். பேரிங்கும் கிளாண்டும் அதற்கு விலை கொடுக்கும்.

மவுன்ட்டுகள் கெட்டுவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது?

எஞ்சினை நிறுத்திவிட்டு நான்கு மவுன்ட்டுகளின் உயரத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். ரப்பர் வெடித்திருக்கிறதா, உலோகத்திலிருந்து பிரிந்திருக்கிறதா, டீசலோ எண்ணெயோ சொட்டி ஊறிப் பொதபொதவென்று ஆகியிருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். எண்ணெய் ரப்பரின் எதிரி. மேலே கசியும் குழாயைச் சரிசெய்யாமல் புதிய மவுன்ட் போடுவது வீண்செலவு.

நான்கு மவுன்ட்டும் சுமையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒரு மவுன்ட்டின் மேல் நட்டைத் தளர்த்தும்போது எஞ்சின் அந்தப் பக்கம் துள்ளினாலோ, எஞ்சின் காலுக்கும் கீழ் நட்டுக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தாலோ சுமை கோணலாக இருக்கிறது. கீழ் நட்டும் மேல் நட்டும் எதிரெதிராக இறுகி நிற்க வேண்டும். மவுன்ட்டைப் படுக்கையோடு பிணைக்கும் திருகாணிகள் மரத்தில் பிடிப்பிழந்து சுற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே மரம் மக்கியிருக்கிறது என்று பொருள். புதிய மவுன்ட் போட்ட பிறகு ரப்பர் அமுங்கச் சில நாள் கொடுத்து, அதன்பின் நேர்மட்டம் பாருங்கள்.

நியூட்ரலிலேயே குலுங்குகிறது. எஞ்சினுக்குள் என்ன கோளாறு?

முதலில் ஐட்லிங் வேகத்தைப் பாருங்கள். பல சிறு டீசல்களுக்கு 800 முதல் 900 ஆர்.பி.எம். வரை குறிக்கப்பட்டிருக்கும். 650க்கு இறங்கிவிட்ட இரண்டு சிலிண்டர் எஞ்சின் படகையே உலுக்கும். திருகாணியைக் கொஞ்சம் திருப்பி, கையேட்டில் உள்ள எண்ணுக்கு ஏற்றியதும் சாந்தமாகிவிடும். இத்தனை எளிய தீர்வை யாரும் முதலில் முயல்வதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

வேகம் சரியாக இருந்தும் தாளம் தப்பினால் ஒரு சிலிண்டர் எரியவில்லை. டீசலில் காற்று, அடைபட்ட ஃபில்டர், கெட்ட இன்ஜெக்டர், குறைந்த கம்ப்ரெஷன் என்ற வரிசையில் தேடுங்கள். பழைய வகை எஞ்சின்களில் மெக்கானிக்குகள் ஒவ்வோர் இன்ஜெக்டர் குழாயின் நட்டையும் சற்றுத் தளர்த்திப் பார்ப்பார்கள்; எதைத் தளர்த்தியும் ஓட்டம் மாறவில்லையோ அதுதான் செத்த சிலிண்டர். அந்தக் குழாயிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும் அழுத்தம் கொண்டது. பழக்கமில்லாதவர்கள் இதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயரழுத்தக் குழாய் டீசல் தரும் காமன் ரெயில் எஞ்சினில் யாருமே செய்யக் கூடாது.

ஐட்லிங்கில் கடகடவென்று சத்தம். வேகம் ஏற்றினால் போய்விடுகிறது.

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உள்ள டேம்பர் பிளேட். அதன் ஸ்பிரிங்குகள் தளர்ந்துவிட்டன. உடனே நின்றுவிடாது, ஆனால் ஸ்பிரிங் உடைந்து சிதறுவதற்குள் மாற்றிவிடுங்கள்.

ஒரே ஒரு வேகத்தில் மட்டும் அதிர்கிறது, அதற்கு மேலும் கீழும் இல்லை. ஏன்?

ஒத்ததிர்வு. ஏதோ ஒரு பாகத்தின் இயற்கை அதிர்வெண்ணும் எஞ்சினின் துடிப்பும் அந்த வேகத்தில் சந்திக்கின்றன. படகில் ஒருவர் அந்த வேகத்தில் ஓட்ட, இன்னொருவர் கையை வைத்துக்கொண்டே போகட்டும்: எஞ்சின் மூடி, எக்ஸாஸ்ட் குழாய், டாங்கு, கேபிள். கை வைத்ததும் எது அடங்குகிறதோ அதற்கு ஒரு பிடி கொடுங்கள். எக்ஸாஸ்ட் குழாய் படகின் சுவரில் முட்டிக்கொண்டிருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். சுழலும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் தளர்ந்த துணி, அவிழ்ந்த முடி, தொங்கும் கயிறு எதுவும் வேண்டாம்.

செயில்டிரைவ், அவுட்போர்டு உள்ளவர்களுக்கு?

செயில்டிரைவில் நேர்மட்டப் பிரச்சினை இல்லை. ஆனால் மவுன்ட் அமுங்கினால் கால் சாய்ந்து, படகின் துளையை அடைத்திருக்கும் ரப்பர் உறை இழுபடும். அந்த உறைதான் கடலுக்கும் படகுக்கும் நடுவே நிற்கிறது. எஞ்சின் தயாரிக்கும் வால்வோ பென்டா நிறுவனம் அதை 7 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. தள்ளிப்போடாதீர்கள்.

அவுட்போர்டில் பிடிதிருகுகள் தளர்வதே முதல் காரணம். அடுத்து, புரொப்பெல்லரின் நடுவில் உள்ள ரப்பர் நழுவுவது. எஞ்சின் உறுமும், படகு நகராது. அலையில் பின்புறம் எழும்பும்போது மட்டும் உதறி எகிறினால் புரொப்பெல்லர் காற்றை விழுங்குகிறது. மோட்டாரை இன்னும் தாழ்த்துங்கள், ஆட்களைப் பின்னால் உட்காரவையுங்கள்.

அதிர்வோடு இப்போதைக்கு ஓட்டலாமா?

பல மாதமாக மாறாமல் இருக்கும் லேசான நடுக்கத்தோடு கரை சேரலாம்; அடுத்த கரையேற்றம்வரைகூடப் பொறுக்கலாம். நாளுக்கு நாள் கூடுவது, திடீரென்று தொடங்கியது, மோதலுக்குப் பிறகு வந்தது என்றால் கூடாது. ஆடும் ஷாஃப்ட் முதலில் கிளாண்டைத் தின்னும். கிளாண்டில் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு, இடைவிடாத நீர்க்கசிவு, ரப்பர் கருகும் வாடை இவற்றில் ஒன்று இருந்தாலும் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாயை ஏற்றுங்கள்.